விருந்தினரா, வாடகைதாரரா? பம்பாய் வீடுகளில் ஒரு சட்டச்சொல்லின் வரலாறு

நெடுநாள் தங்க வரும் விருந்தினரிடம் சமையலறை நேரம், சாவி, புழங்கும் அறைகள் ஆகியவை பற்றி வாடகை வீட்டார் முன்கூட்டியே பேசிக்கொள்வது இல்லற ஒழுங்கு சார்ந்த செய்தியாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆனால் அத்தகைய ஏற்பாடுகள் ஒருவரது சட்டத் தகுதியோடும் தொடர்புடையவை என்பதைப் பம்பாயின் வரலாறு காட்டுகிறது.

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் 1ஆம் நாளைய அளவோடு பிணைத்தது. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு காத்தது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு உள்வாடகையைத் தடை செய்தது. சட்டத்திற்குப் புறம்பான உள்வாடகை, வெளியேற்றத்திற்கு உரிய காரணமாயிற்று. இடநெருக்கடி மிகுந்த நகரில் ஓர் அறையையேனும் பிறருக்கு அளிக்க விரும்பிய வாடகைதாரர், ‘வாடகை’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘உரிமம்’ என்று எழுதுவதில் பொருள் இருந்தது.

பெயர் மாற்றம் மட்டும் போதுமானதன்று. 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆவணத்தின் வடிவத்தைவிட அதன் உட்பொருளே முதன்மையானது என்ற அளவுகோலை வகுத்தது. இடம் ஒருவரது தனி அனுபோகத்தில் உள்ளதா என்பதும், தரப்பினரின் நோக்கம் யாது என்பதும் ஆராயப்பட வேண்டியவையாயின.

1973ஆம் ஆண்டின் மகாராட்டிரத் திருத்தம் அடுத்த திருப்பம். அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் நாள் நடப்பிலிருந்த உரிம ஒப்பந்தத்தின்கீழ், ஓர் அறைக்குக் குறையாத இடத்தில் குடியிருந்த உரிமதாரர்கள் வாடகைதாரர்களாகவே கருதப்பட்டனர். அப்பாதுகாப்பிலிருந்து ‘பேயிங் கெஸ்ட்’ விலக்கப்பட்டார். குடும்ப உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு, உரிமம் தருபவர் தாமே வசிக்கும் இடத்தின் ஒரு பகுதி உரிமத்தின்பேரில் அளிக்கப்பட்டால், அவரே பேயிங் கெஸ்ட் எனச் சட்டம் வரையறுத்தது.

இவ்வரையறையின் மையம் ‘தாமே வசிக்கும்’ என்பதே. வீட்டார் உடன் வாழ்வதையும், விருந்தினரின் புழக்கம் ஒரு பகுதியோடு நிற்பதையும் அன்றாட வீட்டு விதிகளே புலப்படுத்தின. பொதுச் சமையலறையும் வீட்டார் கையிலிருந்த சாவியும் பழக்கவழக்கமாக மட்டுமன்றிச் சான்றாகவும் பொருள்படக்கூடியவை. வீட்டாருக்கு அவை காப்பு. விருந்தினருக்கோ, எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் வாடகைதாரராக மதிக்கப்பெறாமைக்கு அடையாளம்.

2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகை, உரிம ஒப்பந்தங்களை எழுதிப் பதிவு செய்யக் கட்டளையிட்டது. பதிவில்லையேல், நிபந்தனைகள் குறித்து வாடகைதாரர் கூறுவதே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, ஏற்கப்படும். வாய்ச்சொல்லால் வகுக்கப்பட்ட விதிகள் பெரும்பாலும் வலியவருக்கே துணைநின்றன. எழுத்து, எளியவருக்கும் ஒரு பிடிமானம் தந்தது. நகர வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் வாடகைப் பட்டியல்களையும் மட்டுமன்றி, ஒரே கூரையின்கீழ் யார் எந்த அறைவரை செல்லலாம் என்ற ஏற்பாடுகளையும் ஆவணங்களாகக் கொள்ள வேண்டும்.