தொழிற்சாலையை ஆட்டிப் படைத்தது யார்?

கோயில் திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி திடீரென்று "கூ..." என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அப்போது யாரும் கத்தியிருக்கமாட்டார்கள். மைக்கில் நுழைந்த சிறு ஒலி பெருக்கப்பட்டு வெளியே வருகிறது; அது மீண்டும் மைக்குக்குள்ளேயே நுழைந்து மேலும் பெருகுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து ஊளையாகிவிடுகிறது. இந்த ஊளைக்குப் பேசுபவரும் காரணமல்லர், கேட்பவரும் காரணமல்லர். மைக்கையும் ஒலிபெருக்கியையும் இணைத்திருக்கும் அமைப்பே காரணம். இதனை இயற்பியலில் பின்னூட்டம் என்கிறோம்.

இதே ஊளை ஒரு தொழிற்சாலையிலும் எழக்கூடும். அங்கே அதனால் அவதிப்படுவது காது அல்ல, தொழிலாளியின் வயிறு. இதைக் கண்டு சொன்னவர் ஒரு மின்பொறியாளர். அவரிடமிருந்து பிறந்த பாடமே இன்று உலகெங்கும் வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு விளையாட்டின் வடிவில் கற்பிக்கப்படுகிறது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

மாட்டுப் பண்ணையில் பிறந்த பொறியாளர்

ஜே ஃபாரெஸ்டர் 1918-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பழைய மோட்டார் வண்டியின் உதிரிப் பாகங்களைக் கொண்டு காற்றாலை ஒன்றை அமைத்துப் பண்ணைக்கு 12 வோல்ட் மின்சாரம் தந்தார். 1939-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது ராடார்களையும் பீரங்கிகளையும் திருப்பும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கினார். இக்கருவிகளின் உயிர்நாடியே பின்னூட்டம்தான்.

1943-இல் அவர் அமைத்த ராடார் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று 'லெக்ஸிங்டன்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பழுதடைந்தது. அதைச் சீர்செய்ய ஃபாரெஸ்டரே கப்பலேறினார். வேலை முடிவதற்குள் கப்பல் போர்முனைக்குப் புறப்பட்டுவிட, அவரும் உடன் சென்றார். பசிபிக் கடலில் அக்கப்பலை டார்ப்பிடோ ஒன்று தாக்கியது. நல்லவேளையாகக் கப்பல் தப்பியது. காகிதத்தில் வரைந்த கருவி களத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் இவ்வாறு நேரிலேயே கற்றார்.

போருக்குப் பின் 'வேர்ல்விண்ட்' என்னும் கணிப்பொறியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அதற்காக அவர் வடிவமைத்த காந்த வளைய நினைவகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகக் கணிப்பொறிகளின் முதன்மை நினைவகமாக விளங்கியது. இத்தகைய புகழோடு இருந்தவர் 1956-இல் யாரும் எதிர்பாராத முடிவொன்றை எடுத்தார். அதே கழகத்தின் ஸ்லோன் நிர்வாகப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு தொழிற்சாலை

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தாருடன் தற்செயலாக நடந்த உரையாடல் ஒன்று அவருக்குப் புதிய வழியைக் காட்டியது. கென்டக்கி மாநிலத்தில் அந்நிறுவனத்துக்கு வீட்டுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. சில காலம் அங்கே இரவு பகலாக ஷிப்டு ஷிப்டாக வேலை நடக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், "வியாபாரத்தில் ஏற்றமும் இறக்கமும் சகஜம்" என்பது பதிலாக இருந்தது. வேலை இழந்தவனுக்கு அது பதிலாகுமா?

ஃபாரெஸ்டர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. அவர் ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தின் மேலே கையிருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று தலைப்பிட்டார். நிர்வாகிகள் எந்த விதிப்படி ஆளெடுக்கிறார்கள், எந்த விதிப்படி உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்று கேட்டறிந்து, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்கிட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும் உள்ளே ஆட்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது! ஏற்ற இறக்கத்தின் காரணம் சந்தையில் இல்லை. நிர்வாகத்தின் விதிகளுக்குள்ளேயே இருந்தது. இதனை 1958-இல் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ இதழில் கட்டுரையாகவும், 1961-இல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' என்ற நூலாகவும் வெளியிட்டார்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

நம்பக் கடினமாக இருக்கிறதா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நால்வர் வரிசையாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் "ஒரு வார விற்பனைக்குச் சமமான கையிருப்பு வேண்டும்" என்ற நல்ல விதியைப் பின்பற்றுகிறார்கள். வாரந்தோறும் 4 பெட்டி விற்கிறது.

ஒரு வாரம் விற்பனை 8 பெட்டியாகிறது. கடைக்காரர் விற்ற 8 பெட்டியை ஈடுகட்ட வேண்டும். கையிருப்பையும் 4-லிருந்து 8 ஆக உயர்த்த வேண்டும். ஆகவே 12 கேட்கிறார். மொத்த வியாபாரியின் கண்ணுக்கு விற்பனை 4-லிருந்து 12 ஆகிவிட்டது. அவர் 12-உடன் கையிருப்புக்காக 8 சேர்த்து 20 கேட்கிறார். விநியோகஸ்தர் 20-உடன் 16 சேர்த்து 36 கேட்கிறார். தொழிற்சாலை 36-உடன் 32 சேர்த்து 68 பெட்டி செய்யத் தொடங்குகிறது. வாடிக்கையாளர் கூட்டியது 4 பெட்டி. தொழிற்சாலை கூட்டியது 64 பெட்டி!

மறுவாரமும் விற்பனை அதே 8 பெட்டிதான். கடைக்காரரின் கையிருப்பு சரியாகிவிட்டதால் 8 மட்டும் கேட்கிறார். மொத்த வியாபாரிக்கோ விற்பனை 12-லிருந்து 8 ஆகக் குறைந்துவிட்டது; கையிருப்பில் 4 குறைக்கலாம் என்று 4 மட்டும் கேட்கிறார். விநியோகஸ்தருக்கு விற்பனை 20-லிருந்து 4 ஆகிவிட்டது. அவர் எதுவுமே கேட்பதில்லை. தொழிற்சாலையில் உற்பத்தி பூஜ்யம். ஒரு வாரம் 68, அடுத்த வாரம் ஒன்றுமில்லை! இதில் யார் முட்டாள்தனமாக நடந்துகொண்டார்? எவருமே இல்லை. நான்கு பெருக்கிகளை வரிசையாக இணைத்தது போல, ஒவ்வொரு படியிலும் மாற்றம் இரண்டு மடங்காகிவிட்டது, அவ்வளவுதான்.

நாம் போட்ட கணக்கில் சரக்கு உடனே வந்து சேர்கிறது. உண்மையில் ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் நாட்களாகும். இந்தத் தாமதமும் சேர்ந்துகொண்டால் அலைவின் வீச்சு இன்னும் பெரிதாகும்.

வகுப்பறைக்கு வந்த விளையாட்டு

மேற்கண்ட உண்மையைச் சொற்பொழிவாற்றிப் புரியவைப்பது கடினம். எனவே 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்லோன் பள்ளியில் ஒரு விளையாட்டு உருவாயிற்று. சரக்காகப் பீரை வைத்துக்கொண்டதால் அதற்குப் 'பீர் விளையாட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். விளையாட்டில் ஒரு சொட்டும் கிடையாது, வெறும் வில்லைகளும் காகிதச் சீட்டுகளுமே! ஒவ்வொரு குழுவிலும் மேலே சொன்ன நான்கு பாத்திரங்கள் உண்டு. ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே கைமாறலாம். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர் செலவு. வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரத்திலிருந்து 8 பெட்டி. பிறகு கடைசிவரை மாற்றமே இல்லை.

எளிமையான விளையாட்டுதான். ஆனால் முடிவு என்ன? அதே கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழுக்களின் சராசரிச் செலவு, இருக்கக்கூடிய குறைந்த செலவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆர்டர் செய்துவிட்டு இன்னும் வந்து சேராமல் வழியில் இருக்கும் சரக்கை ஆட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட முக்கிய காரணம். விளையாட்டு முடிந்ததும் "வாடிக்கையாளர் கேட்டதை வரைந்து காட்டுங்கள்" என்றால், பெரும்பாலோர் மலையும் பள்ளமுமாக வரைகிறார்கள். ஒரே ஒரு படி ஏறிய நேர்கோட்டை ஆசிரியர் காட்டும்போது வகுப்பு வாயடைத்துப் போகிறது.

எங்கள் கல்லூரியில் வணிக நிர்வாக இளங்கலை மாணவர்களுக்கு இதை நடத்த என்னை ஒருமுறை அழைத்தார்கள். பீருக்குப் பதில் பிஸ்கட் பெட்டி என்று வைத்துக்கொண்டோம். பதினைந்தாவது வாரத்துக்குள் தொழிற்சாலையாக இருந்த மாணவன், "அந்த விநியோகஸ்தனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு சார்!" என்று முறையிட்டான். இடத்தை மாற்றி அவனையே விநியோகஸ்தனாக்கி மறுபடியும் நடத்தினோம். அவனும் அதையேதான் செய்தான்.

சாட்டையின் நுனி

சாட்டையின் பிடியைச் சிறிது அசைத்தால் நுனி வெகுதூரம் வீசும். எனவே இதனைச் 'சாட்டை விளைவு' என்கிறார்கள். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான அணையாடை விற்பனையில் இதைக் கண்டது. குழந்தைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. ஆனாலும் ஆர்டர்கள் தாறுமாறாக ஆடின. 1997-இல் ஹௌ லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகிய மூவர் இதற்கு நான்கு காரணங்களைத் தொகுத்தனர். வரும் ஆர்டரையே உண்மையான தேவை என்று நம்பி மதிப்பிடுவது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, தள்ளுபடியால் விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டின்போது வேண்டுமென்றே கூடுதலாகக் கேட்பது ஆகியவையே அவை. மருந்தும் இதிலிருந்தே கிடைக்கிறது: கடையில் உண்மையாக விற்றது எவ்வளவு என்பதைச் சங்கிலியில் உள்ள எல்லாரும் அறியவேண்டும், தாமதத்தைக் குறைக்கவேண்டும்.

இது பழங்கதையன்று. 2020-இல் கொரோனா பரவியபோது, இனி விற்பனை இராது என்று கார் நிறுவனங்கள் சில்லுகளுக்கான ஆர்டர்களைக் குறைத்தன. விற்பனையோ விரைவில் மீண்டது. ஒரு சில்லை உருவாக்கப் பல மாதங்கள் ஆகும். விளைவாக 2021-இல் உலகெங்கும் கார்த் தொழிற்சாலைகள் சில்லுக்காகக் காத்து நின்றன. 2023-இலோ நினைவகச் சில்லுகள் தேங்கிப்போய் விலை சரிந்தது. கணிப்பொறி நினைவகத்துக்கு வழிகாட்டிய ஃபாரெஸ்டர் 2016-இலேயே மறைந்துவிட்டார். இருந்திருந்தால் அவர் வியந்திருக்கமாட்டார்.

வாசகர்களே, விடுமுறை நாளில் நான்கு பேர் சேர்ந்து காகிதச் சீட்டுகளுடன் இதை விளையாடிப் பாருங்கள். நிச்சயம் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வீர்கள். அப்போது பந்தலில் ஊளையிட்ட ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசுபவரைத் திட்டி என்ன பயன்? மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஆட்களை மாற்றுமுன் அமைப்பை ஆராய்ந்து பார்த்தால், பலருடைய வேலை பிழைக்கும்.