தோட்டத்துக் கிழவரின் தஸ்தாவேஜுகள்

மலேசிய அரசாங்கம் நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லங்களில் இடம் வேண்டுகிறவர், அறுபது வயது நிரம்பியவர் என்பதையும், ஆதரிக்க வாரிசில்லை, நிலையான வாசஸ்தலமில்லை, தொற்றுநோயில்லை, தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொள்ளும் சக்தி உண்டு என்பவற்றையும் நிரூபித்தாக வேண்டும். பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் அத்தகைய இல்லங்கள் உள்ளன. சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் இடையே உள்ள ஆயர் தாவார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆயுளைக் கழித்த ஒரு தமிழ்க் கிழவருக்கு, வீடில்லை என்பதை நிரூபிப்பதில் சிரமமே இராது. ஏனெனில் அவர் குடியிருந்த லயத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போனது. தாம் இன்னார், இன்ன வயதினர் என்று காட்டுவதுதான் பலருக்குப் பிரம்மப் பிரயத்தனமாயிற்று.

ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பின்னே கிராமத்தை விட்டுப் புறப்பட்டு, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தொழிலாளிக்கு, தோட்டத்துக் குமாஸ்தாவாகிய கிராணி எழுதிய செக்ரோல் என்ற ஆள்பதிவேடே ஜாதகம். அதில் கண்ட வயது, பெரும்பாலும் முகத்தைப் பார்த்து மதித்த வயது. தகப்பனார் பெயர், சொன்ன வாய்க்கும் எழுதிய கைக்கும் இடையே உருமாறிய பெயர். அந்தப் புத்தகமும் ஆபீசுக்கே சொந்தமாகையால், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நாள் தவறாமல் பெயர் கூப்பிடப்பட்டு முப்பது வருஷம் பால் வெட்டியவரின் கையில், வெட்டியதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் கடிதமும் தங்கியதில்லை. 1907-ல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வசூலித்த பணத்தைக்கொண்டு ஆட்களைத் தருவித்தது. உழைத்து நலிந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் அந்நிதியேயாகும். வயோதிகத்துக்கு அக்கால நிர்வாகம் கண்ட பரிகாரம், சுருங்கச் சொன்னால், ஒரு கப்பல் டிக்கெட்டு. 1938-ல் இந்திய அரசாங்கம் தொழிலாளரைத் தருவிப்பதைத் தடுத்த பிறகும், அதையடுத்து யுத்தம் வந்து கடல்வழி அடைபட்ட பிறகும், இங்கே தங்கியவர்கள் இங்கேயே மூப்படையலானார்கள்.

தோட்டத்தாருக்கு முதன்முதலாகச் சொந்தமாய் வாய்த்த தஸ்தாவேஜு, அவர்களுடைய க்ஷேமத்தை உத்தேசித்து வந்ததன்று. 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் பிறந்த சித்தியவானுக்கு அருகிலிருந்த ஆயர் தாவார் அக்கெடுபிடியிலிருந்து தப்புவது எங்ஙனம்? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் படம் பிடித்து, கட்டைவிரல் ரேகை வாங்கி அடையாள அட்டை வழங்கினார்கள். காட்டிலிருப்பவரையும் நாட்டிலிருப்பவரையும் பிரித்தறிவதற்காக எழுந்த அந்த அட்டை முறையே பிற்காலத்தில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் நுழைவுச்சீட்டாயிற்று என்பது சரித்திரத்தின் விநோதம். அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன பிறந்த வருஷமோ, அட்டையோடு ஒட்டிக்கொண்டு ஆயுள் பரியந்தம் கூடவே வந்தது.

பிரஜா உரிமையின் கதை இதைவிடச் சிக்கலானது. சுதந்திர தினமாகிய 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 வரையில், இம்மண்ணில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பினாலேயே அவ்வுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர் பலர் மனுச் செய்து பெற வேண்டியிருந்தது. சுதந்திரத்தை அடுத்த ஓராண்டு வரையில் மலாய் மொழிப் பரீட்சையிலிருந்து விலக்கும் அளித்திருந்தார்கள். அந்த ஓராண்டின் அருமையைத் தோட்டந்தோறும் போய் எடுத்துரைத்த சங்கத்தாரும் கட்சிக்காரரும் இருந்தார்கள் என்றாலும், பாதி நாள் கூலியை இழந்து மாவட்ட ஆபீசுக்குப் போவானேன் என்றிருந்துவிட்டவர்களும், ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று எண்ணியவர்களும் ஏராளம். அவர்களிடம் தங்கியது பிரஜையல்லாதவருக்குரிய சிவப்பு அட்டை. 1969-க்குப் பின் பிரஜையல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலானபோது, பல்லாயிரவர் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர் வயோதிகத்தில், வாழ்ந்த நாட்டின் உதவித் திட்டங்கள் பலவற்றுக்குப் புறம்பானவராயினர்.

நன்மைக்கென்று எழுந்த ஏற்பாடுகளும் இல்லாமலில்லை. 1951 அக்டோபரில் ஊழியர் சேமநிதி பிறந்தது. ஆனால் ஐம்பத்தைந்தாம் வயதில் பணத்தை எடுக்கவும் அட்டையில் கண்ட வயதே பிரமாணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், பேராக்கைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பழைய குடியேற்ற நிதி 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, தள்ளாத தொழிலாளரைப் பராமரிப்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது. தொழிலாளரின் உழைப்பை முன்னிட்டுத் திரட்டிய அந்நிதியை 1999-ல் ஒரு சட்டத்தால் கலைத்துவிட்டது, என் அபிப்பிராயத்தில், முதிய தோட்டத்தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட அநீதியே.

விவாகப் பதிவும் ஒரு கண்ணி. கோயிலில் தாலி கட்டிய தம்பதிகள், பதிவு கட்டாயமான 1982 மார்ச்சுக்கு முன், அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அதன் விளைவாகக் கணவர் மாண்டபின் சேமநிதிப் பணத்துக்கு மனைவியென்று நிரூபிக்க ஒருத்தி சத்தியப்பிரமாண ஆணையர் முன் நிற்க நேர்ந்தது. ஒரே மனிதரின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமும் எழுதப்பட்டிருந்தால், அதற்கும் ஒரு பிரமாணம். 2011-ல் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவதற்கென்று ‘மைடாப்தார்’ என்ற இயக்கத்தையே அரசாங்கம் நடத்த வேண்டியிருந்ததென்றால், குறை எத்தனை தலைமுறை ஆழத்தில் இருந்ததென்று ஊகித்துக்கொள்ளலாம்.

ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டாயிற்று. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவான தனியார் இல்லங்களும் இக்காலத்தில் இடம் தருகின்றன. உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்த முதியவர் இருப்பாராயின், தோட்டத்தின் பெயரும் தகப்பனார் பெயரும் அவர் நினைவில் நிற்கும்போதே எழுதி வாங்குங்கள். பிறப்புப் பத்திரத்தின் நகலுக்கு இப்போதே தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பியுங்கள். பெயரில் எழுத்து மாறியிருந்தால், அவர் தாமே வந்து ரேகை வைக்கக்கூடிய காலத்திலேயே அதைச் சரிசெய்துவிடுங்கள்.