அழுத்தம் மட்டுமா காரணம்? ஆல்டோஸ்டிரோனும் இதயச் சுவரின் உருமாற்றமும்

உயர் இரத்த அழுத்தத்தில் இடது கீழறையின் சுவர் தடிப்பதைச் சுமைக்கு ஈடுகொடுக்கும் தசையின் வளர்ச்சி என்றே நெடுங்காலம் விளக்கினார்கள். அட்ரினல் சுரப்பி தன்போக்கில் ஆல்டோஸ்டிரோனை மிகையாகச் சுரக்கும் நோயை 1955இல் ஜெரோம் கான் விவரித்த பிறகும், அது தீங்கு குறைந்த ஒரு வகையாகவே பல காலம் கருதப்பட்டது. இந்த நோயில் இதயத்தைக் கெடுப்பது அழுத்தம் மட்டுமன்று, அந்த ஹார்மோனுந்தான் என்பது என் வாதம். 1990இல் பிரில்லாவும் வெபரும் தம் குழுவினருடன் எலிகளில் செய்த ஆய்விலிருந்து தொடங்கலாம். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியை இறுக்கியபோது அழுத்தம் ஏறி இடது கீழறை பருத்தது. ஆனால் தசையிடையே நார்த்திசு பெருகவில்லை. ஆல்டோஸ்டிரோனை உப்போடு சேர்த்துச் செலுத்தியபோதோ, உயர் அழுத்தமே எட்டாத வலது கீழறையிலும் நார்த்திசு படர்ந்தது. தடிப்பும் நார்த்திசுப் பெருக்கமும் வெவ்வேறு காரணங்களால் விளையக்கூடியவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

உடலில் தேங்கும் நீர் வலது கீழறையையும் பாதித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்து, அழுத்தத்தைக் குறைக்காத சிறிய அளவிலேயே எலிகளில் நார்த்திசுப் பெருக்கத்தைத் தடுத்தது. இன்னும் வலுவான மறுப்பு மனித ஆய்வுகளைப் பற்றியது. பாரிசில் மில்லியேவின் குழு 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஏட்ரியல் படபடப்பு இந்நோயாளிகளில் 7.3 சதவீதமாகவும், காரணம் அறியப்படாத உயர் அழுத்தம் உள்ளோரில் 0.6 சதவீதமாகவும் இருந்தது. இரு தரப்பின் அழுத்தமும் ஒத்திருந்தாலும், ஆண்டுக்கணக்கில் சுமந்த அழுத்தமும் இரவு நேர அழுத்தமும் ஒத்திருந்தன என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. இதனால்தான், பரம்பரையாக வரும் முதல் வகை ஆல்டோஸ்டிரோன் மிகையை ஸ்டோவாசர் ஆராய்ந்ததற்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன். மரபணுக் கோளாறு இருந்தும் அழுத்தம் இன்னும் ஏறாதவர்களிடமே சுவர் தடித்திருந்தது. இதயம் தளர்ந்து விரியும் திறனும் குறைந்திருந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் அழுத்தம் முந்தியதா, சேதம் முந்தியதா என்பதைப் பிரித்துப் பார்க்க இத்தகையவர்களே வழி.

ஹார்மோன் தனித்து நின்று கெடுக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. அமேசான் காட்டில் மிகக் குறைந்த உப்போடு வாழும் யனோமாமி மக்களின் உடலில் ஆல்டோஸ்டிரோன் மிகுதி, அழுத்தமோ தாழ்வு. உப்பு குறையும்போது சிறுநீரகம் சுரக்கும் ரெனின் உயர்ந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைப்பது உடலின் இயல்பான ஏற்பாடு. ரெனின் ஒடுங்கியிருக்க, உப்பும் நிறைந்திருக்க, ஆல்டோஸ்டிரோன் குறையாமல் சுரப்பதே கேடு. 2018இல் ஹண்டெமரின் குழு வெளியிட்ட ஆய்வும் இதையே சுட்டுகிறது. ஆல்டோஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களில், அழுத்தம் ஒத்திருந்தபோதும், ரெனின் ஒடுங்கியே இருந்தவர்களுக்கு இதயநோய் நிகழ்வுகள் கூடுதலாக நேர்ந்தன. ரெனின் மீண்டவர்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. இது கவனித்தறிந்த ஆய்வே தவிரச் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை அன்று. ஆயினும் இந்நோயாளிக்கு மருந்தின் அளவை முடிவு செய்யும்போது அழுத்தமானியோடு ரெனின் அளவையும் பார்க்கவேண்டும் என்று கோர இந்தச் சான்று போதும்.