செவ்வாய்க் கல்லின் சாட்சி

ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அருகே நிற்கும் பாந்தி மலை மணற்கல்லால் ஆனது. டைனசோர்கள் வாழ்ந்த காலத்தில் ஆறுகள் கொணர்ந்து சேர்த்த மணலே அடுக்கடுக்காய் இறுகி, பின்னர் மலையாயிற்று. இதனை நமக்குச் சொல்வது புராணமன்று, கல்லே சொல்லுகிறது. நீரில் உருண்ட கல் மழமழப்பாகும். நீரில் படிந்த மணலும் சேறும் அடுக்காகும். மழைக்குப் பின் தோட்டத்து வாய்க்காலைப் பார்ப்போர்க்கும் இவ்விதி விளங்கும்.

இதே விதியைக் கொண்டுதான் அறிஞர்கள் செவ்வாய்க் கிரகத்தையும் ஆராய்ந்தனர். 2004-ஆம் ஆண்டில் அங்கு இறங்கிய ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்னும் ஆளில்லா வண்டி, உப்பு நீர் இருந்ததற்குச் சான்றான படிவுப் பாறைகளைக் கண்டது. 2012-இல் இறங்கிய ‘கியூரியாசிட்டி’, கேல் என்னும் பெரும்பள்ளத்தில் ஆறு உருட்டிய கூழாங்கற்களைக் கண்டது. 2013-இல் சேறு இறுகிய பாறையைத் துளைத்து, அதன் பொடியைச் சோதித்தது. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நுண்ணுயிர் வாழத்தக்க ஏரி இருந்ததென்பது இவற்றால் தெளிவாயிற்று.

ஆறும் ஏரியும் இருந்த அக்கிரகத்தை நம்மவர் இன்னும் ஜாதகக் கட்டத்துள் அடைத்து, ‘செவ்வாய் தோஷம்’ என்று பெண்களின் மணத்தைத் தடுக்கின்றனர். துளைத்துப் பார்த்த கல்லில் இருந்தது சேறு, தோஷமன்று. கல்லே சாட்சி சொல்லும்போது சோதிடன் சொல் எதற்கு என்று நாம் கேட்கிறோம். பெண்ணைப் பெற்றோர் சிந்திப்பார்களாக!