கறுத்த கல்லும் வெளுத்த கல்லும்

வேலை முடிந்து வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கும் பிள்ளைகளே! இன்று நாம் ஜெர்மனி நாட்டின் டிரெஸ்டன் நகருக்கு ஒரு நாள் சென்று வருவோம். எல்பே ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் அது.

காலையில் பழைய நகரப் பகுதிக்குள் நுழைகிறோம். ஒரு நீண்ட சுவர் நம்மை நிறுத்துகிறது. அதன் நீளம் 102 மீட்டர். சாக்சனியை ஆண்ட அரச மரபினர் குதிரைகளில் ஊர்வலம் போகும் காட்சி, ஏறத்தாழ 23,000 பீங்கான் ஓடுகளில் அமைந்திருக்கிறது. உலையில் சுட்டெடுத்த இந்த ஓடுகளில் பெரும்பாலானவை 1945-ஆம் ஆண்டின் பெருந்தீயையும் தாங்கி நின்றன.

அது என்ன தீ? இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம். 1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்களும், அடுத்த இரு நாள்களில் அமெரிக்க விமானங்களும் இந்நகரின்மேல் குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அகதிகளும் அவர்களுள் இருந்தனர்.

நம் மனம் இரங்குகிறது. இரங்கத்தான் வேண்டும். ஆனால் வரலாற்றை நடுவில் தொடங்கிப் படிக்கலாகாது. 1939-இல் போரைத் தொடங்கியது ஹிட்லரின் ஜெர்மனி. 1940-இல் ராட்டர்டாம், கவன்ட்ரி நகரங்களின் நடுப்பகுதிகளைக் குண்டு வீசி அழித்ததும் அதுவே. அதற்கும் முன்னர், 1938 நவம்பர் 9 இரவு, இதே டிரெஸ்டனில் யூதர்களின் வழிபாட்டுக்கூடத்தை நாஜிகள் கொளுத்தினார்கள். ஆக, முதல் தீ உள்ளூரிலேயே மூண்டது.

நண்பகலில், அன்னை மேரியின் பெயர் தாங்கிய தேவாலயத்தின் முன் நிற்கிறோம். 1743-இல் முடிந்த கட்டடம். குண்டுவீச்சின்போது உடனே விழவில்லை. நெருப்பின் வெப்பத்தால் தூண்கள் வலுவிழந்து, பிப்ரவரி 15 காலையில் கற்குவிமாடம் சரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சிக் காலம் முழுதும் அது கற்குவியலாகவே கிடந்தது. 1982 பிப்ரவரி 13 இரவு இளைஞர்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றி அமைதி வேண்டி நின்றனர்.

இரு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றுசேர்ந்தன. 1994-இல் கட்டுமானம் தொடங்கியது. இடிபாட்டுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து எண்ணிட்டு, எந்தக் கல் எந்த இடத்தது என்று ஆராய்ந்து, பயன்படுவனவற்றை மீண்டும் சேர்த்தார்கள். 2005 அக்டோபர் 30-இல் தேவாலயம் திறக்கப்பட்டது. உச்சியிலுள்ள பொற்சிலுவையைச் செய்தவர் ஒரு லண்டன் பொற்கொல்லர். டிரெஸ்டன்மீது குண்டு வீசச் சென்ற விமானிகளுள் ஒருவர் அவருடைய தந்தை!

மாலையில் ஆற்றோரம் நடக்கிறோம். எரிந்த வழிபாட்டுக்கூடம் இருந்த இடத்தருகே, 2001 நவம்பர் 9-இல் திறக்கப்பட்ட புதிய கூடம் நிற்கிறது.

திரும்பிப் பார்க்கிறோம். தேவாலயச் சுவரில் பழைய கற்கள் கறுப்பாகவும் புதியவை வெளுப்பாகவும் தெரிகின்றன. ஒரே நிறமாகப் பூசி மறைத்திருக்கலாம், அவர்கள் மறைக்கவில்லை. பட்ட துன்பத்தையும் செய்த தவற்றையும் சேர்த்தே நினைவில் வைப்பவர்கள்தாம் உறுதியாகக் கட்டுவார்கள். பிள்ளைகளே, இதை மறவாதீர்கள்.