ஒரு வெள்ளி சென்ற வழி



தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் லயம் லயமாகப் போகும். பெயர், அதற்கு நேரே தொகை, அவ்வளவுதான். காரியம் முடிவதற்குள் வரவும் செலவும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த நோட்டு எட்டும் தூரம் நான்கு லயம். அதற்கு அப்பால் இருப்பவருக்கு உதவ வேண்டுமானால், செய்தியையும் காசையும் சுமக்க ஒரு கருவி தேவை. நம் மக்களிடையே அக்கருவி மாறி வந்த கதையைத்தான் இன்று சொல்ல நினைக்கிறோம்.

முதலில் அச்சு. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். 1950-களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தது. அங்கே முதலிடம் சமஸ்கிருதத்திற்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. தமிழுக்கே என்றார் சாரங்கபாணி. வாதிட்டதோடு நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! பத்துச் செல்வந்தரிடம் கேட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். முடிந்திருக்கும். ஆனால் துறை அந்தப் பத்துப் பேருடையதாகியிருக்கும். படிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலையே காணாதவர் கொடுத்த வெள்ளி அங்கே தமிழ் நூல்களாயிற்று. துறை 1956-இல் தொடங்கியது.

அதே காலத்தில் தோட்டங்களில் வேறொரு துயரம். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனது, வேலையோடு வீடும் போனது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவரே தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். இது தருமமன்று, பங்குதான். இயந்திரம் ஏதும் இதில் இல்லை. தவணை என்ற ஏற்பாடே கருவியாக இருந்தது. மொத்தமாக நூறு வெள்ளியைக் கண்டிராத கைகளால் தோட்டம் வாங்க முடிந்தது அதனால்தான்.

சிங்கப்பூரில் 1991-இல் சிண்டா அமைந்தபின், இந்தியத் தொழிலாளரின் மாதச் சம்பளத்திலிருந்தே சிறு தொகை பிடிக்கப்படுகிறது. விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். வசதியான முறைதான்; வாசலில் வந்து கேட்கும் முகம்தான் இல்லாமற்போயிற்று.

நாம் மறக்க முடியாத ஆண்டு 2021. நடமாட்டக் கட்டுப்பாட்டில் கூலி நின்று, அடுப்பும் நின்ற வீடுகள் பல. அவ்வாண்டு ஜூன் கடைசியில், உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற அழைப்புக் கைப்பேசிகளில் பரவியது. சில நாள்களுக்குள் இளைஞர்கள் ‘சம்பல் எஸ்ஓஎஸ்’ என்ற செயலியை உருவாக்கினார்கள். பசித்தவர் இருக்கும் இடமும் உணவு கிடைக்கும் இடமும் ஒரே வரைபடத்தில் தெரிந்தன. கொடியோ ஒரு முழத் துணி. சாலையோரத்து வீட்டுக் கொடியை வழியில் போகிறவர் பார்ப்பார். செம்பனைக்குள் மூன்று மைல் தள்ளியிருக்கும் லயத்துக் கொடியை யார் பார்ப்பது? அங்கே செயலிதான் கண். அதைக் கையாளத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த லயத்தில் இருக்க வேண்டும்.

இன்று கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக் கட்டட நிதிக்கும் ஒரு கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்தால் போதும், பணம் போய்விடுகிறது. வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டம் உண்டு. அனுமதித் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கைப்பேசிக்கு வரும் வேண்டுகோளிடம் அப்படிக் கேட்க நாம் இன்னும் பழகவில்லை. பணத்தை அனுப்புமுன், கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, தனி ஆள் பெயரிலா என்று திரையில் வரும் பெயரைப் படித்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் பணம் எவ்வழியில் வந்தாலும், மாதக் கடைசியில் பெயரும் தொகையும் எழுதிய தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கைப்பேசி இல்லாத பாட்டிமார் பேரப்பிள்ளையை அழைத்து வந்து, தம் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.