கறண்ட் வைத்தியமும் அதற்குப் பிறகும்

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று ஊரில் ஏசுவது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கொழும்புக்குப் பக்கத்தில் 1920களில் திறந்த அந்த ஆஸ்பத்திரி இன்று தேசிய மனநல நிறுவகம். அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த பயம்தான் "கறண்ட் வைக்கிறது".

இதன் கதை 1938இல் ரோமில் தொடங்குகிறது. செர்லெட்டி, பினி என்ற இரு வைத்தியர்கள் நோயாளியின் தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைத்தார்கள். குணம் தருவது அந்த வலிப்பு. மின்சாரம் அதை உண்டாக்கும் வழி மட்டுமே. நாலு வருடம் முந்தி புடாபெஸ்டில் மெடுனா என்பவர் கற்பூரத்தைக் கொண்டே அதைச் செய்து பார்த்திருந்தார்! மயக்கம் கொடுக்காமல் செய்த அந்த நாட்களில் எலும்பு முறிந்ததும் உண்டு. எங்கள் பெரியவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. 1950களில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. மயக்கமில்லாமல் செய்வதை இந்தியா 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடுத்தது.

ஆனால் குணமான பிறகு என்ன? அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அபுதாபி முசஃபாவில் நான் வேலை செய்த காலத்தில், எங்கள் அறையில் வன்னிப் பொடியன் ஒருவன் இருந்தான். ஊரில் கறண்ட் வைத்து நன்றாகச் சுகமாகி வந்தவன். சில மாதத்தில் சாப்பாடு குறைந்தது, விடியப்புறம் பஸ்ஸுக்கு எழும்பவில்லை. போர்மன் "வீட்டு யோசனை" என்றார். "சுகமாயிட்டுது எண்டுதானே குளிசையை விட்டனான்" என்றான் அவன்.

2001இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்த வைத்தியத்தால் குணமானவர்களில் வெற்று மாத்திரை பெற்றோருக்கு ஆறு மாதத்துக்குள் 100க்கு 84 பேர் வீதம் நோய் திரும்பியது. நோர்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்து எடுத்தோரில் அது 39. 2006இல் இன்னொரு ஆய்வு வந்தது. அதில் கறண்டையே வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கொன்று, பிறகு மாதமொன்று என ஆறு மாதம் தொடர்ந்தார்கள். பலன் அந்த இரண்டு மருந்துகளுக்கு ஏறக்குறையச் சமம். இரு பக்கத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே முழுதும் நலமாக இருந்தார்கள். ஆகவே மருந்து பிடிக்காதவர்களுக்கும் மருந்தோடும் திரும்பத் திரும்ப விழுபவர்களுக்கும்தான் மாதக் கறண்ட் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஞாபகம் சற்று மங்கலாம், அதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இரவிலிருந்து பட்டினி, காலையில் மயக்கம், பிறகு கைபிடித்துக் கூட்டி வர ஓர் ஆள். முசஃபா முகாமில் அந்த ஒரு நாளுக்கு லீவு எடுக்கக்கூடியவர் எங்கள் அறையில் ஒருவரும் இல்லை. உங்கள் வீடுகளில் ஆள் இருக்கிறது.